ஆதிமூலமும் பஞ்சுவின் சக்கரமும்

ஒருவன் எந்த உயிரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறானோ, அந்த உயிருக்கு அவன் யார் என்றே தெரியாது என்றால், அதைப் பொறாமை என்று சொல்ல முடியுமா? பொறாமைக்கு எதிராளி ஒருவர் வேண்டும். நம்மிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். அது தன்னிடம் இருப்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வடக்கனந்தல் ஆதிமூலத்தின் எதிராளிக்கு எதுவும் தெரியாது. அது சாம்பல் நிறத்தில், இரண்டு கைகளுக்குள் அடங்கும் அளவில், முயலுக்கும் எலிக்கும் நடுவில் எங்கோ நின்றுவிட்டது போன்ற ஒரு பிராணி. சின்சில்லா என்று பெயர். பகலெல்லாம் தூங்கியது. பொழுது சாய்ந்ததும் கூண்டுக்குள் இருந்த சக்கரத்தில் ஏறி ஓடியது. ஆதிமூலத்தோடு அதற்கு ஒரு வழக்கும் இல்லை.

ஆதிமூலத்தைப் பற்றிப் புகழ்ந்து சொல்ல அதிகம் இல்லை. கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை நிலம், இரண்டிலும் மரவள்ளியும் கரும்பும் மாற்றி மாற்றிப் போடுவார். இளவயதில் மாட்டு வண்டியில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போனவர். நல்ல உழைப்பாளி என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிப் பாராட்டுதான். உழைக்காமல் இருக்கும் வசதி அந்த ஊரில் மிகச் சிலருக்கே உண்டு. பக்கத்து நிலத்தில் கிழங்கு பிடுங்குகிறார்கள் என்றால், தனக்கு அங்கே வேலை இல்லாவிட்டாலும் வரப்பில் போய் நின்று, ஒவ்வொரு செடியின் கிழங்கையும் கண்ணாலேயே எடை போட்டுவிட்டு, முகம் சுருங்கி வீட்டுக்கு வருவார்.

மனைவி சின்னப்பொண்ணு விஷயத்திலும் அப்படித்தான். சங்கராபுரத்தில் அவள் அண்ணன் வீடு இருந்தது. காலையில் பஸ் ஏறிப் போனாளானால், பொழுது இறங்குவதற்குள் ஆதிமூலத்தின் டிவிஎஸ் வண்டி அந்த வாசலில் வந்து நிற்கும். "ராத்திரி தங்கட்டுமே மச்சான்" என்று அண்ணன் சொன்னால், "வூட்டுல மாடு கட்டாம கெடக்குது" என்பார். பிரசவத்தைத் தவிர அவள் ஓர் இரவும் வெளியே தங்கியதில்லை. வளையல்காரரிடம் அவள் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சிரித்துப் பேசினால், "அப்பிடி இன்னா சிரிப்பு?" என்று சாப்பாட்டின்போது கேட்பார். இதையெல்லாம் அவர் அக்கறை என்று நினைத்தார். அக்கறைக்கும் காவலுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்பது காவலில் இருப்பவரைக் கேட்டால்தான் தெரியும். சின்னப்பொண்ணை யாரும் கேட்டதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், மலர்க்கொடி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தாள். தோழி ஒருத்தி வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன அந்தப் பிராணியை விடுதி அறையிலேயே வளர்த்தாள். சக்கரத்தின் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரிக்குத் தூக்கம் போயிற்று, புகார் ஆயிற்று. 2022ஆம் ஆண்டு மாசி மாதம் அவள் கூண்டோடு ஒரு வாடகைக் காரில் வடக்கனந்தலில் வந்து இறங்கினாள். கூடவே ஏசி மாட்டும் ஆட்களும் வந்தார்கள்.

"அப்பா, இதுக்கு வெய்யில் ஆவாது. என் ரூம் எப்பவும் ஜில்லுனு இருக்கணும். ஒடம்புல ஈரம் படக்கூடாது. குளிப்பாட்டவே கூடாது."

"அப்ப நாறாதா?"

"அது மண்ணுல பொரண்டு குளிக்கும்பா. அதுக்குன்னு மண்ணு வாங்கியாந்திருக்கேன்."

"மண்ணுல பொரளற சாதிக்கு ஏசி ரூமு" என்றார் ஆதிமூலம். "நான் கூடத்தான் பொறந்ததுலேர்ந்து மண்ணுல பொரள்றேன்."

மகள் சிரித்தாள். சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. அவள் அதற்குள் கூண்டின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே சுருண்டு கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரு இன்னாம்மா வெச்ச?"

"பஞ்சு."

"பஞ்சு" என்று சின்னப்பொண்ணு சொல்லிப் பார்த்தாள். அதைச் சொன்ன குரல் ஆதிமூலத்துக்குப் பழக்கம் இல்லாத குரல்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இரவுச் சோற்றை ஆதிமூலம் முதலில் சாப்பிடுவார். பிறகு அவருக்கு எதிரில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சின்னப்பொண்ணு சாப்பிடுவாள். சாப்பிட்டுக்கொண்டே தெருச் செய்தி எல்லாம் சொல்வாள். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள். ஆதிமூலம் டிவியைப் பார்த்தபடி "ம்" என்பார். அது ஒரு பொருட்டான விஷயம் என்று அவர் நினைத்ததே இல்லை. பஞ்சுவை விட்டுவிட்டு மகள் பெங்களூருக்குத் திரும்பி நாலைந்து நாள் கழித்து, சின்னப்பொண்ணு தட்டை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குள் போனாள். உள்ளே இருந்து குரல் வந்தது.

"கதவ சாத்துங்க. குளிரு போவுது."

உள்ளே வந்து சாத்தச் சொன்னாளா, வெளியே நின்று சாத்தச் சொன்னாளா என்று அந்த வார்த்தையில் இல்லை. அவர் வெளியே நின்றே சாத்தினார்.

பிறகு அவள் படுக்கையும் உள்ளே போயிற்று. "கரன்ட்டு போனா அது செத்துப்பூடுமாம். ஆரு பாக்கறது?" என்றாள். சித்திரையில் ஒரு மத்தியானம் மின்சாரம் போனபோது, ஈரத் துணி சுற்றிய ஓட்டுத் துண்டைக் கூண்டருகில் வைத்து, கையில் விசிறியோடு அவள் உட்கார்ந்திருந்ததை ஆதிமூலம் பார்த்தார். அவர் அப்போதுதான் கரும்புக் காட்டிலிருந்து வந்திருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, "பானையில தண்ணி கீது, மொண்டு குடிங்க" என்றாள். விசிறி நிற்கவில்லை.

இந்தக் காட்சிக்குப் பிறகுதான் அவர் சக்கரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தகட்டாலும் கம்பி வலையாலும் செய்த சக்கரம் அது. கூண்டின் கம்பியில் திருகி வைத்திருந்தது. பஞ்சு ஓடும்போது அச்சு கிரீச் கிரீச் என்று கத்தும். ஓட்டத்தின் வேகத்தில் கூண்டு அசைந்து சுவரில் டக டகவென்று இடிக்கும். கூடத்தில் படுத்திருந்தால் சுவர் முழுக்க அந்தச் சத்தம்தான்.

"தூக்கம் வரல" என்றார்.

"தெரு மொனை வரைக்கும் கேக்கற மாதிரி கொறட்ட வுடற ஆளுக்கு இதுதான் சத்தமா? எனக்கு அது ஓடறது கேட்டாத்தான் நிம்மதி. நின்னாத்தான் பயமா கீது."

தூக்கம் கெட்டது என்று அவர் சொன்னது பொய் அல்ல. ஆனால் காரணம் அதுவும் அல்ல. மூடிய கதவுக்கு உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். தினமும், சாப்பிடும்போதும் பிறகும், நெடுநேரம். குரல் ஏறி இறங்குவது தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. சக்கரத்தின் சத்தம் எல்லாவற்றையும் மூடியது. முன்பு தன் எதிரில் உட்கார்ந்து அவள் சொன்னதை ஒரு காதில் கூட வாங்காத மனிதர், இப்போது அதே பேச்சில் ஒரு சொல்லாவது கிடைக்காதா என்று சுவரோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நம்மிடம் இருக்கும்போது ஒரு பொருளுக்கு விலை தெரிவதில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இங்கே அது சரியாக இருக்காது. அவள் பேச்சு அவருக்கு முன்பும் வேண்டியிருக்கவில்லை. அது இன்னொருவருக்குப் போகிறது என்பதுதான் அதை வேண்டியதாக்கியது.

கடைத்தெருவில் சைக்கிளும் டிவிஎஸ் வண்டியும் பழுது பார்க்கும் கொளஞ்சியப்பனுக்கு இந்தச் செய்தி எப்படியோ எட்டியிருந்தது.

"இன்னா மாமா, வூட்டுல புதுசா ஒருத்தன் வந்துட்டானாமே? அத்த அவன் ரூமுலதான் படுக்குதாமே?"

"எலிடா அது."

"ஆம்பள எலியா, பொம்பள எலியா?"

ஆதிமூலம் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஆம்பள" என்றார்.

"அப்ப ஜாக்கிரத மாமா. ஏசி வேற வெச்சிக்கீறான். உங்கிட்ட இன்னா கீது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆதிமூலம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

கத்துகிற சக்கரத்தை எப்படி அடக்குவது என்று மாட்டு வண்டி ஓட்டியவருக்குத் தெரியாதா? வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவுவார்கள். வண்டி மை என்று பெயர். கரும்புப் பாரத்தோடு ராத்திரி முழுக்க ஓடினாலும் சக்கரம் வாய் திறக்காது. சின்னப்பொண்ணு ரேஷன் கடைக்குப் போன ஒரு காலையில், அவர் ஒரு கொட்டாங்கச்சி நிறைய மை குழைத்து, தூங்கும் பிராணியை எழுப்பாமல் கூண்டுக்குள் கை விட்டு, அச்சில் அள்ளி அப்பினார். மாட்டு வண்டிக்கு எவ்வளவோ அவ்வளவு.

அன்று மாலை சக்கரம் கத்தவில்லை. சின்னப்பொண்ணுதான் கத்தினாள்.

சுழன்ற வேகத்தில் மை தெறித்து, பஞ்சுவின் சாம்பல் உடம்பு பாதி கருப்பாக ஒட்டிக் கிடந்தது. அது தன்னையே நக்கி நக்கி, வாயெல்லாம் கரி. ஆதிமூலம் கதவைத் திறந்து உள்ளே போனார். அவள் திரும்பிய முகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இன்னாய்யா தடவுன?"

"வண்டி மைதான். சத்தத்துக்கு..."

"வாயில்லா ஜீவன்யா! பொறாமையில கொல்லப் பாத்துட்டியேய்யா!"

அத்தனை வருட வாழ்க்கையில் அவள் அவரை 'யா' போட்டுப் பேசியதில்லை. பொறாமை என்ற சொல்லையும் சொன்னதில்லை. இரண்டும் ஒன்றாக வந்தன. அவர் மறுக்கவில்லை. கொல்லப் பார்த்தோமா என்று அவரே ஒருமுறை யோசித்துக்கொண்டது போல நின்றார்.

மகளுக்கு வீடியோ போட்டார்கள். அவள் அங்கிருந்து பதறினாள். "தண்ணி மட்டும் ஊத்தாதம்மா! சோப்பு போடாத! கார்ன் ஃப்ளார் கீதா வூட்டுல?"

"இன்னாது?"

"மாவும்மா. வெள்ளையா, நைஸா இருக்கும். மேல தூவி, எண்ணெய உறிஞ்சினதும் சீவி எடுக்கணும்."

"கெழங்கு மாவு ஆவுமா?" என்றார் ஆதிமூலம் பின்னாலிருந்து. வேட்டிக்குக் கஞ்சி போட மரவள்ளி மாவு ஒரு டப்பா நிறைய இருந்தது.

"ஆவும்னுதான் நெனைக்கிறேன். போடுங்க, போடுங்க."

அவர் டப்பாவை எடுத்து வந்தார். கதவு சாத்தப்பட்டது, இந்த முறை அவர் உள்ளே இருந்தார். ஏசி காற்றில் உடம்பு சிலிர்த்தது. அவர் இரு கைகளாலும் பிராணியைப் பிடித்துக்கொள்ள, அவள் மாவைத் தூவி, பழைய பல் பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினாள். மாவு கருத்தது, தட்டிவிட்டு மறுபடியும் தூவினாள். அவர் உள்ளங்கைக்குள் ஒரு சின்ன நெஞ்சு நிற்காமல் படபடத்தது.

"பயப்படாத. நான் கீறேன் இல்ல? ஒண்ணும் ஆவாது" என்றாள் சின்னப்பொண்ணு.

"பயம் ஒண்ணும் இல்ல" என்றார் ஆதிமூலம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தை தன்னிடம் சொல்லப்படவில்லை என்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

பஞ்சு பிழைத்துக்கொண்டது. சில நாள் சரியாகத் தின்னாமல் கிடந்துவிட்டு, மறுபடி சக்கரத்தில் ஏறியது. அவள் மையைத் துடைத்து எடுத்திருந்ததால் பழைய சத்தமும் திரும்பிவிட்டது. ஆதிமூலம் சக்கரத்தைக் கழற்றி டிவிஎஸ் வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கொளஞ்சியப்பன் கடைக்குப் போனார்.

"சக்கரம் அவனுதா மாமா?"

"சத்தம் வராம பண்ணித் தர முடியுமா, முடியாதா?"

குரலைக் கேட்டுக் கொளஞ்சியப்பன் கிண்டலைக் கம்மி பண்ணிக்கொண்டான். சக்கரத்தைக் கையில் சுற்றிப் பார்த்தான். "எண்ணெ போடற கேஸு இல்ல இது. மூடி போட்ட பேரிங் ஒண்ணு வெச்சித் தரேன். எண்ணெ உள்ளயே இருக்கும், வெளிய கக்காது. ஆமா, கூண்டு செவுத்துல இடிக்குதா?"

"இடிக்குது."

"அப்ப பாதி சத்தம் செவுத்து சத்தம். கூண்டத் தள்ளிப் போடு. காலுக்கு அடியில டியூப்பு வெட்டித் தரேன், வெச்சிக்க. உள்ள வெச்சிடாத, கடிச்சித் தின்னுடும் உம் மச்சான்."

சின்னப்பொண்ணு திரும்பி வந்த சக்கரத்தை மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தாள். கைத்துணியால் ஒருமுறை துடைத்து, துணியையும் பார்த்தாள். பிறகுதான் மாட்ட விட்டாள். ஆதிமூலம் கூண்டைச் சுவரிலிருந்து இழுத்து, கால்களுக்குக் கீழே ரப்பர் வைத்து, அதற்கும் கீழே தென்னைநார் மிதியடியைப் போட்டார். அன்று பொழுது சாய்ந்ததும் பஞ்சு ஓடியது. காற்றில் துணி அசைவது போன்ற ஓர் ஒலி மட்டும் இருந்தது.

"ஓடுதா இல்லியான்னே தெரியல" என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். ஆனால் அவள் சொன்ன அந்த வார்த்தைகள் கதவுக்கு வெளியே தெளிவாகக் கேட்டன.

அவர் டிவியை ஓட விட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்தார். நாற்காலி சுவரோரம்தான் இருந்தது.

அவள் வாயிலிருந்து முதலில் கேட்டது அவருடைய குரல். "ந்தா, மோரு இன்னா இவ்ளோ புளிக்குது? அவங்க வூட்டு மோரு இப்பிடியா புளிக்குது? அவன் காட்டு கெழங்கு பாத்தியா, தொட மாதிரி கீது! நம்ம கெழங்கு பாரு, வெரலு மாதிரி!" இழுத்துப் பேசுவது, நடுவில் மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் அச்சாக இருந்தது. பிறகு அவள் சிரித்தாள். வளையல்காரரிடம் சிரித்ததெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு வித்தை அவளிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவமானம் வந்திருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு வந்தது அவமானம் அல்ல. இந்த ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்திருப்பது தான் இல்லையே என்ற எரிச்சல்தான்.

அடுத்தடுத்த மாலைகளில் தெருச் செய்திகளைக் கேட்டார். யாரோ ஒரு மருமகள் திரும்பி வந்துவிட்டாள். ஏரிக்கரைக் குழாயில் தண்ணீர் வருகிறது. ஒருநாள், "முட்டி இன்னா வலி வலிக்குது தெரியுமா, பஞ்சு? படி ஏற முடியல" என்றாள். மறுநாள் ஆதிமூலம் வலித் தைலம் ஒன்று வாங்கி வந்து அடுப்பங்கரையில் வைத்தார்.

"இது ஆருக்கு?"

"எனக்குத்தான்."

சில நாளில் தைலம் குறைந்திருந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை. இதை ஓர் அன்பின் தொடக்கம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஒட்டுக் கேட்டுக் கிடைத்ததைக் கொண்டு செய்த உதவிக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பது சந்தேகம்தான்.

ஆடி முடியும் சமயத்தில் ஒரு மாலை அவள் குரல் தணிந்திருந்தது. சக்கரம் பழையபடி இருந்திருந்தால் கேட்டிருக்காது.

"அவ தனியா வூடு எடுத்துட்டாளாம். உன்னக் கூட்டினு போவ வருவா. அங்க மூணாவது மாடியாம். சன்னல்ல நின்னா ஊரே தெரியுமாம்." கூண்டுக் கதவு திறந்து மூடும் ஓசை வந்தது. "எனக்கும் வந்து கொஞ்ச நாளு இருக்கணும்னுதான் கீது. கேட்டா ஆவுமா? அண்ணன் வூட்டுல ஒரு ராத்திரி உடாத ஆளு. நான் கேக்க மாட்டேன். கேட்டு, இல்லன்னு சொல்லி, அதையும் வெச்சிக்கினு எத்தினி நாளு இந்த மூஞ்சிய பாக்கறது? கேக்காம இருந்தா தேவல."

ஆதிமூலம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் யாரோ மைக்கின் முன்னால் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகச் சொன்னாள். எதிராளி ஒழிந்தான், கதவு இனித் திறந்தே கிடக்கும், தட்டு எதிரில் வந்துவிடும். அவர் வேண்டியதெல்லாம் அவர் ஒன்றும் செய்யாமலே நடக்கப்போகிறது. அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் சந்தோஷத்தை யாரும் பார்க்கவில்லை. சின்னப்பொண்ணு கூண்டைத் துடைத்தாள், உலர்ந்த புல்லைக் கட்டினாள், மண் டப்பாவை மூடினாள். சொன்னபடியே, கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்து நின்றது. உள்ளே ஏசியைப் போட்டு, பின்சீட்டில் கூண்டை ஏற்றினார்கள். மகள் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். சின்னப்பொண்ணு காருக்கு வெளியே, கண்ணாடி வழியாகக் கூண்டைப் பார்த்தபடி நின்றாள். ஆதிமூலம் வீட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது, மகள் கல்லூரிக்குக் கொண்டுபோன நீலப் பை அவர் கையில் இருந்தது. ஜிப் முழுக்க மூடாமல், சேலைத் தலைப்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிரஷர் மாத்திரை அட்டையும் மூக்குக் கண்ணாடிக் கூடும் மேலாக இருந்தன. பையை முன்சீட்டின் காலடியில் வைத்தார்.

"இன்னாப்பா இது? அம்மாவும் வராங்களா?"

"வருது."

சின்னப்பொண்ணு அவரைப் பார்த்தாள். "ஆரு சொன்னது?"

"ஏறு."

"சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க?"

"எனக்குக் கையில்லியா?"

"எத்தினி நாளுக்கு?"

அவர் கூண்டின் கயிற்றை இழுத்துப் பார்த்து, முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து, வேறு முடிச்சுப் போட்டார். அவள் குனிந்து, நீட்டிக்கொண்டிருந்த சேலைத் தலைப்பை உள்ளே தள்ளிப் பையின் ஜிப்பை மூடினாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

தெரு இதற்கு இரண்டு விதமாகப் பொருள் சொன்னது. மனுஷன் திருந்திவிட்டார் என்றனர் சிலர். எலியோடு போட்டி போட்டுத் தோற்ற கோபத்தில் இரண்டையும் சேர்த்துத் துரத்திவிட்டார் என்றனர் மற்றவர்கள். மூன்றாவதாகவும் ஒன்று இருக்க முடியும். அவள் கேட்காமலே மனதுக்குள் அங்கே போய்விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, தானே அனுப்புவது ஒரு பொறாமைக்காரனுக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கலாம். இந்த மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்க அவர் உதவவில்லை.

மறுநாள் டிவிஎஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தவரைக் கொளஞ்சியப்பன் கிண்டல் இல்லாமலே கேட்டான்.

"அத்தைய ஏன் மாமா அனுப்புன?"

"பிளக்குல கரி அடைக்குது போலக்கீது" என்றார் ஆதிமூலம். "கழட்டிப் பாரு."